பாறைக்கு வைத்த காது

பாலைவனப் பூங்காவுக்குள் இருந்த ட்ரை வெல் முகாமில் தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை, தொலைபேசிக்குக் கோபுரம் இல்லை. மண்பாதையின் முடிவில் ஒரு தகரக் கழிப்பறையும், பாறைகளுக்கு நடுவே எண் எழுதி நட்ட பதினோரு கட்டைகளும்தான் இருந்தன. ஒவ்வொரு கட்டைக்கும் எதிரே ஒரு கூடாரம் அடிக்கிற அளவுக்கு இடம். நாங்கள் ஒன்பதாம் எண்ணில் வண்டியை நிறுத்தினோம். காலியாக இருந்ததால் நிறுத்தினேன் என்று மனைவி உலகம்மாளிடம் சொன்னேன். உண்மையில் அந்த எண்ணை மூன்று வாரத்துக்கு முன்பே பதிவு செய்திருந்தேன்.

அவள் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். வீடு அளவுக்குப் பாறைகள், லாரியில் கொண்டுவந்து கொட்டியது போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவற்றுக்கு அப்பால் வெளிர்ந்த மணலும் முட்செடியும்.

"இதைப் பாக்கதுக்கா ஏழு மணி நேரம் வண்டியில வந்தோம்? குத்தாலத்துக்குப் பின்னால போனா இதே பாறை கெடக்கு. அங்க கொரங்காவது இருக்கும்."

அவள் சொன்னதற்குச் சிரித்தேன். இருபத்தாறு வருடத்தில் நாங்கள் இருவர் மட்டும் போன பயணங்களை ஒரு கை விரல்களில் அடக்கிவிடலாம். அவள் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். விடுமுறை கிடைத்தால் தூங்குவாள். நான் பாறைகளைக் கேட்கிறவன். பிழைப்பே அதுதான்.

ஒன்பதாம் இடத்தின் வடக்கில் ஒரு பெரும்பாறை நிற்கிறது. அதன் அடியிலிருந்து தட்டையான கருங்கல் தளம் ஒன்று தெற்கு நோக்கி மெல்லச் சரிகிறது. கூடாரத்தை அந்தத் தளத்தின் மேல்தான் அடிக்க வேண்டும். தளத்தின் கிழக்கு ஓரத்தில் ஒன்று, மேற்கு ஓரத்தில் ஒன்று என வடை அளவில் இரண்டு உலோக வட்டுகள் ஒட்டியிருக்கும். காதுகள் என்று சொல்வோம். பகலில் சூடேறி மாலையில் குளிரும்போது பாறைக்குள் விரிசல் நகரும். அந்த ஓசையைக் கேட்டு, எந்தப் பாறை எப்போது உடைந்து விழும் என்று நாள் குறிப்பதற்காக நானும் இன்னும் நான்கு பேரும் செய்த அமைப்பு. ஆறு வருடத்தில் எட்டுப் பாறைகளை அது முன்கூட்டியே சொன்னது. எட்டும் சொன்ன நாளை ஒட்டியே விழுந்தன. அடியில் ஒருவரும் இல்லை. எங்களுக்குப் பாராட்டு விழா எல்லாம் நடந்தது.

கூடாரத்தை அடித்துவிட்டு, தலையணைகளைப் பெரும்பாறைப் பக்கம், மேட்டில் போட்டு விரிப்பை விரித்தேன். உலகம்மாள் கல்லை அடுக்கி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது டேப்லெட்டை எடுத்துப் பதிந்தேன். மேற்கில் நான். கிழக்கில் அவள். எந்த ஊரில் எந்தப் படுக்கையானாலும் அவள் எனக்கு இடப்பக்கம்தான்.

சூரியன் இறங்கியதும் பாறைகள் சத்தமிடத் தொடங்கின. எங்கோ தூரத்தில் டக் என்று ஒன்று. நீண்ட அமைதி. பிறகு மிகப் பக்கத்தில், காலுக்கு அடியில் என்று தோன்றும்படி இன்னொன்று. உலகம்மாள் உப்புமாக் கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். யாரோ சொடக்குப் போடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். கல் குளிர்கிறது, வேறொன்றும் இல்லை என்றேன். சாப்பிட்டு, நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் அவள் கூடாரத்துக்குள் போய்ச் சாமான்களை ஒதுக்கிப் படுக்கையைத் தன் வழக்கப்படி சரிசெய்து வைத்திருந்தாள். போய்ப் படுத்தேன். தலை கொஞ்சம் தாழ்வாக இருந்தது போலிருந்தது. பயணக் களைப்பு என்று விட்டுவிட்டேன்.

விடிந்ததும் அவளை எழுப்பாமல் வெளியே வந்து டேப்லெட்டைத் திறந்தேன். கிழக்குக் காதில் ஒன்றும் இல்லை. மேற்குக் காதில் இருபத்து மூன்று நாள் என்று இருந்தது. கூடக்குறைய நான்கு.

பெரும்பாறையை நிமிர்ந்து பார்த்தேன். அது இன்னும் ஆயிரம் வருடத்துக்கு அசையாது. எனக்குத் தெரியும். அதனால்தான் ஒன்பதாம் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் எனக்கு வந்தது பயமில்லை. ஊகம் சரியாகிவிட்டபோது வருகிற திருப்திதான் வந்தது. அதற்குப் பிறகுதான் அந்த எண்ணை இன்னொரு முறை படித்தேன். இரண்டு வருடத்துக்கு முன் என் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆகவே எண் எனக்கு வந்ததில் எந்த விசித்திரமும் தெரியவில்லை. எதிர்பார்த்த கடிதம் வந்து சேர்ந்தது போலிருந்தது.

அவள் எட்டு மணி வரை தூங்கினாள். வீட்டில் ஐந்து மணிக்கு எழுகிறவள். மலைக்காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

எழுந்து வந்தவள் காபி போட்டாள். நான் அவள் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவளுடைய அப்பாவின் நினைவு வந்தது. தென்காசியில் அவருக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது அவள் இந்த நாட்டில் இரட்டை வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன்கள் எனக்கு மட்டும் சொன்னார்கள். தேர்வு முடியட்டும், நர்ஸ் லைசென்ஸ் வரட்டும், பிறகு சொல்லலாம் என்று நானும் அவர்களும் சேர்ந்து முடிவெடுத்தோம். அவள் விமானத்தில் இருந்தபோது அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் என்னோடு சாப்பாட்டுக்கு வேண்டிய சொற்களை மட்டும் பேசினாள். ஒன்பதாம் மாதம் என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினாள். இனி யாருடைய நாளையும் அவளிடம் மறைக்கக் கூடாது.

இந்த முறை நாள் என்னுடையது. சத்தியத்தைக் காப்பாற்றுவது சுலபமாகத்தான் இருந்தது.

பாறை நிழலில் மணலில் உட்கார்ந்து சொன்னேன். சொல்வதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. காதுகள் சில சமயம் பொய் அபாயம் சொல்லும் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். உடையவே முடியாத பாறை உடையும் என்று நாள் குறிக்கும். ஆறு வருடத்தில் அப்படி முப்பத்தொரு முறை. அதை ஆராயும் வேலை எனக்கு வந்தது. பாறையில் பிழை இல்லை, காதில் பிழை இல்லை. கடைசியாகச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல், அந்த இரவுகளில் அங்கே படுத்திருந்தவர்கள் யார் என்று தேடினேன்.

"தேடி?"

"இருபத்தொம்பது பேரக் கண்டுபிடிச்சேன். ரெண்டு பேர் விவரம் கிடைக்கல."

"அவங்கல்லாம்?"

"பாறைக்குன்னு குறிச்ச நாள்ல போயிட்டாங்க. கூடக்குறைய நாலு நாள். ஒருத்தன் இருபது வயசுக்காரன், ஓட்டப்பந்தய வீரன். நடுவுல டாக்டர்கிட்ட போனவங்களும் உண்டு. ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க."

அவள் மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் தொடர்ந்தேன். ஆள் படுத்தால் மார்பின் துடிப்பு கல்லில் இறங்குகிறது. கல்லுக்குள் விரிசல் நகர்வதும் உடம்பு தளர்வதும் அந்த அமைப்புக்கு ஒரே ஓசையாகக் கேட்கிறது. எப்படி என்று எனக்கு இன்னும் புரியவில்லை. மேலதிகாரியிடம் அறிக்கை கொடுத்தேன். அதைப் பூட்டி வைத்துவிட்டார்கள். பூட்டியதும் நல்லதுதான் என்று நினைத்தேன். வெளியே தெரிந்தால் ஒவ்வொரு வீட்டுத் தரையிலும் ஒரு காது வைப்பார்கள். பெண் கொடுப்பதற்கு முன், வேலை கொடுப்பதற்கு முன், ஒரு ராத்திரி இந்தக் கல்லில் படுத்துவிட்டு வா என்பார்கள்.

"ஆனா நிச்சயமாத் தெரியணும்னு இருந்துச்சு. அதான் நானே வந்து படுத்துப் பாத்தேன்."

அவள் விரல் நின்றது. "எத்தனை நாளு?"

"இருபத்து மூணு."

மருத்துவமனையில் எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். நெஞ்சு வலிக்கிறதா, தோள் வலிக்கிறதா, மாத்திரையை ஒழுங்காகப் போட்டீர்களா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவற்றுக்குப் பிறகுதான் அவளுக்கு அந்தக் கேள்வி வந்தது.

"என்னையும் எதுக்கு அதுல படுக்க வச்சீங்க?"

"ஒப்பிட்டுப் பாக்க நோயில்லாத ஆள் ஒண்ணு வேணும்."

"என்கிட்ட கேக்காம."

நான் கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினேன்.

"எனக்கு என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணுமில்ல. உனக்கு ஒண்ணுமேயில்ல, உலகா."

எழுந்து பாறைக்குப் பின்னால் போனாள். வெகு நேரம் வரவில்லை. வெயில் ஏறியது. ஒரு பருந்து வட்டமிட்டுவிட்டுப் போனது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டிய இடத்தில் அவள் முகம் கழுவியிருந்தது எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. இன்றைக்கே கிளம்ப வேண்டாம் என்றாள். கிளம்பினால் தொலைபேசி வேலை செய்யும், மகள் நாச்சியாரிடம் பேச வேண்டிவரும். எப்படிச் சொல்வது என்று யோசிக்க ஒரு நாள் வேண்டும். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இந்தத் தடவையாவது சொன்னீங்க" என்றாள்.

அந்தச் சொல்லில் நான் குளிர் காய்ந்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. சாகப்போகிறவனாக இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. எல்லாக் கணக்கும் தீர்ந்துவிட்டது போல, யாரும் இனி எதற்கும் கோபிக்க முடியாது போல. மதியச் சாப்பாட்டை அவள் எனக்குப் பிசைந்தே கொடுத்தாள். மறுக்காமல் வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் ரேஞ்சர் டோரீன், அறுபதை நெருங்கும் ஒல்லியான பெண். கையில் ஆரஞ்சு நிற நாடாச் சுருள். குன்றின் மேல் இருக்கும் ஆண்டெனா வழியாக அலுவலகத்துக்கு அபாயச் செய்தி தானாகவே போயிருக்கிறது. இடத்தை மூட வேண்டும், எட்டாம் எண்ணுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றாள். நான் என் அடையாள அட்டையைக் காட்டி, அமைப்பைச் செய்தவர்களில் நானும் ஒருவன், பாறைக்கு ஆபத்தில்லை, இன்னொரு ராத்திரி இங்கேயே இருந்து சோதிக்க வேண்டும் என்றேன். அவள் அட்டையைப் பார்த்த நேரத்தைவிட என்னைப் பார்த்த நேரம் அதிகம்.

உலகம்மாள் காபி கொடுத்தாள். உட்காருங்கள் என்று கல் தளத்தைக் காட்டினாள். டோரீன் நன்றி சொல்லிவிட்டு மணலில் நின்றபடியே குடித்தாள். அவளுடைய பூட்ஸ் தளத்தின் ஓரத்தைக்கூடத் தொடவில்லை. இந்தப் பூங்காவில் வேலை பார்ப்பவர்கள் யாரும் கல்லில் உட்காருவதில்லை என்று அவளாகவே சொன்னாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அப்படியே பழகிவிட்டது என்றாள். நாடா கட்டிய இடங்களில் தங்கியிருந்தவர்களைப் பற்றி வீட்டாரிடமிருந்து எப்போதாவது கடிதம் வரும். கடைசியாக அவர் சந்தோஷமாக இருந்த இடம் உங்கள் பூங்கா என்று எழுதியிருப்பார்கள். அவள் அவற்றை ஒரு பெட்டியில் வைத்திருக்கிறாள். எத்தனை கடிதம் என்று நான் கேட்கவில்லை.

பிறகு சட்டைப்பையிலிருந்து அச்சடித்த தாளை எடுத்தாள். மேற்குக் காது என்று போட்டிருக்கிறதே, மேற்குப் பக்கம் படுத்தது யார் என்று கேட்டாள்.

நான்தான் என்றேன்.

திறந்திருந்த கூடாரத்துக்குள் அவள் எட்டிப் பார்த்தாள். தலையணைகள் சரிவின் கீழ்ப்பக்கம் கிடக்கின்றனவே, இத்தனை வருடத்தில் தலையைப் பள்ளத்தில் வைத்துப் படுத்தவர்களை நான் பார்த்ததில்லையே என்றாள்.

உலகம்மாள்தான் பதில் சொன்னாள். எங்கள் ஊரில் வடக்கே தலை வைக்க மாட்டோம், சூரியன் அடைகிற பக்கத்தைப் பார்த்துத் திசை தெரிந்துகொண்டு நான்தான் மாற்றிப் போட்டேன், எந்த ஓட்டலுக்குப் போனாலும் முதல் வேலையாக அதைத்தான் செய்வேன், இவருக்கு அது கண்ணிலேயே படாது என்று சிரித்தபடி சொன்னாள். டோரீன் சிரிக்கவில்லை. அவளை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள். ஒன்பதாம் எண் கட்டையில் நாடாவின் ஒரு முனையை மட்டும் கட்டி, சுருளை அதன் அடியிலேயே வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

ஜீப் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

தலையை வடக்கே வைத்து மல்லாந்து படுத்தால் என் இடப்பக்கம் கிழக்கு. தெற்கே வைத்தால் என் இடப்பக்கம் மேற்கு. அவள் எப்போதும் என் இடப்பக்கம். நான் பதிந்தது மாலையில் நான் போட்ட படுக்கையை. ராத்திரி படுத்தது அவள் திருப்பிய படுக்கையில். இருபத்தாறு வருடமாக அவள் திருப்பிக்கொண்டே இருந்ததால், அது நடக்கிறது என்பதையே நான் மறந்திருந்தேன். எந்த ஓசையையும் தவறவிடாத அமைப்பைச் செய்தவன், தன் தலை எந்தப் பக்கம் கிடந்தது என்று பார்க்கவில்லை.

மேற்குக் காதின் மேல் படுத்திருந்தது அவள்.

உலகம்மாள் கோப்பைகளை மணல் போட்டுத் தேய்த்தாள். துணியை உதறி மடித்தாள். பிறகு தளத்தின் விளிம்பில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் எதிர்ப்புறக் கல்லில் உட்கார்ந்தேன். எங்களுக்கு நடுவே பத்தடி தூரம். அந்த அமைதியில் நான் எத்தனையோ காரணங்களைத் தயாரித்தேன். அவள் நிம்மதியாக இருக்கட்டும். என்னைப் பார்த்துக்கொள்வதில் அந்த இருபத்து மூன்று நாளும் போய்விடும், தன்னை நினைக்க நேரம் இருக்காது. அதுவும் ஒரு கருணைதானே. அண்ணன்கள் அன்றைக்குத் தொலைபேசியில் சொன்ன அதே சொற்கள், அதே வரிசையில் எனக்குள் வந்தன. வாய் இரண்டு முறை திறந்தது. இரண்டு முறையும் தண்ணீர் குடித்தேன்.

வெயில் மஞ்சளாகி, செம்மண் நிறமாகி, பாறை உச்சிகளில் மட்டும் நின்றது. சூரியன் மேற்கில் இறங்கியது. முதல் டக் கேட்டது.

உலகம்மாள் எழுந்து வண்டிக்குப் போனாள். இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை இறக்கித் தூக்கிக்கொண்டு வந்தாள். வழக்கமாக அது என் வேலை. நான் ஓடிப்போய் அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன்.

"விடுங்க. நீங்க கனம் தூக்கக் கூடாது."

"நீ தூக்காத."

"ஏன்?"

கேனை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அந்தம்மா போய் மூணு மணி நேரமாச்சு. பொழுது அடையட்டும்னு பாத்துட்டு இருந்தேன், சொல்லுவீங்களான்னு."

"உலகா."

"தலகாணிய மாத்திப் போட்டது நாந்தானே. எனக்குத் தெரியாதா எந்தப் பக்கம் யாரு படுத்தோம்னு?"

பாறைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொடுக்கிக்கொண்டிருந்தன. அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"எங்கப்பாவுக்குச் செஞ்சத எனக்கும் செஞ்சிருப்பீங்க. இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "தெரியல" என்றேன். அன்றைக்கு நான் அவளிடம் சொன்னவற்றில் பிழையில்லாத சொல் அது ஒன்றுதான்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு, காது ஒன்று கெட்டுப்போயிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். மேற்குக் காதே பழுதாக இருந்து, யார் படுத்தாலும் அதே எண்ணைச் சொல்லுமா? சொல்லலாம் என்றேன். அப்படி நடந்திருக்க வாய்ப்பு இருக்கிறது என்றேன். அந்த வாய்ப்பைப் பற்றி வெகு வேகமாகவும் வெகு நேரமும் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப இன்னைக்கு மாத்திப் படுத்துப் பாத்திருவோம்."

கூடாரத்துக்குள் மண்டியிட்டுத் தலையணைகளை எடுத்தாள். ஒவ்வொன்றையும் தட்டி, பெரும்பாறையின் பக்கம், வடக்கில் வைத்தாள். ஒரு கணம் அவற்றின் மேலேயே கை இருந்தது.

"எங்கம்மா பாத்தா அடிக்க வருவா" என்று சொல்லிச் சிரித்தாள்.

படுத்தோம். அவள் என் இடப்பக்கம், கிழக்கில். நான் மேற்குக் காதின் மேல். முதுகைக் கல்லோடு அழுத்தி வைத்துக்கொண்டேன். என் மார்பு எவ்வளவு சத்தமாக அடிக்க முடியுமோ அவ்வளவு சத்தமாக அடிக்கட்டும் என்று கிடந்தேன். ஏதாவது ஒரு தளர்ச்சி, ஏதாவது ஒரு விரிசல், எனக்குள் இருந்தால் கேட்கட்டும். அவள் சீக்கிரமே தூங்கிவிட்டாள்.

காலையில் டேப்லெட்டைத் திரை கீழே இருக்கும்படி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அவள் எழுவதற்காகக் காத்திருந்தேன். நான் பார்க்கவில்லை. அவள் அன்றும் எட்டு மணிக்குத்தான் வந்தாள். கூந்தலை முடிந்துகொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"திருப்புங்க."

திருப்பினேன். மேற்கில் ஒன்றும் இல்லை. கிழக்கில் இருபத்திரண்டு.

நோயாளியின் தலைமாட்டுத் திரையைப் பார்க்கிற அதே கண்ணோடு, புருவம் கொஞ்சம் சுருங்க, அவள் அதைப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். பிறகு அதை என் கையிலிருந்து மெல்ல வாங்கி அணைத்தாள்.

"மெஷின் நல்லாத்தான் வேல செய்யுது" என்றாள்.

என் தோளில் இரண்டு முறை தட்டிக்கொடுத்தாள். மருத்துவமனை வராந்தாவில் நிற்கிற உறவினர்களுக்கு அவள் அப்படித்தான் தட்டிக்கொடுப்பாள்.